மடியும் நாற்காலியும்

அபிராமபுரத்தின் புதிய அடுக்ககங்களில், வரவேற்பறையின் மூலையில், ஒரு சின்ன மர நாற்காலியைப் பார்க்க முடிகிறது. இருக்கை தரையிலிருந்து பத்து, பன்னிரண்டு அங்குல உயரத்தில் இருக்கும். தேக்கு அல்லது ஈட்டி. முதுகில் கடைசல் வேலை, இருக்கையில் பிரம்புப் பின்னல், சிலவற்றில் குழந்தை நழுவாமல் இருக்கக் குறுக்கே ஒரு சட்டம். அதன்மேல் ஒரு பூந்தொட்டி இருக்கும். அல்லது பித்தளைக் கூஜா, அல்லது யாரும் பிரிக்காத கனத்த படப் புத்தகம். குழந்தை இருக்காது. குழந்தை ஏற முயன்றால், "இறங்கு, அது பழசு" என்று குரல் வரும்.

இதைக் கேலி செய்துவிட்டுக் கடந்து போகலாம். ஆனால் பழைய மரத்தின் மேல் ஆசை எனக்கும் உண்டு. பல கைகள் பட்டுப் பட்டு வழுவழுத்துப்போன ஒரு கைப்பிடியைத் தொடும்போது வரும் இன்பத்தை நான் மறுக்கமாட்டேன். என் கேள்வி வேறு. பழைய இருக்கைகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். மரத்தின் நிறம் தரைக்குப் பொருந்த வேண்டும், ஓர் அறைக்கு ஒரு பழம்பொருள் போதும், மெருகை அதிகம் ஏற்றக் கூடாது என்று ஏகப்பட்ட அறிவுரைகள். அந்தப் பேச்சில் வராத கேள்வி ஒன்று இருக்கிறது. இது யார் உட்காரச் செய்யப்பட்டது? அவர் உட்கார்ந்திருந்தபோது யார் நின்றுகொண்டிருந்தார்?

குழந்தை நாற்காலியிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ் வீட்டில் குழந்தைக்கென்று மரச் சாமான்கள் இருந்தன. தொட்டில் இருந்தது, நடைவண்டி இருந்தது, மரப்பாச்சியும் சொப்பும் இருந்தன. நாற்காலி இல்லை. பிள்ளைத்தமிழின் பருவங்களை நினைத்துப் பாருங்கள். செங்கீரையில் குழந்தை கையை ஊன்றித் தலை நிமிர்த்துகிறது. சப்பாணியில் உட்கார்ந்து கை கொட்டுகிறது. வருகையில் நடந்து வருகிறது. கடைசியில் ஆண்பிள்ளைக்குச் சிறுதேர், பெண்பிள்ளைக்கு ஊசல். ஒருவன் தேரை உருட்டிக்கொண்டு தெருவுக்குப் போகிறான், ஒருத்தி கட்டிய இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறாள் என்பது தனியே எழுத வேண்டிய விஷயம். பத்துப் பருவங்களிலும் குழந்தைக்கு ஓர் இருக்கை கிடையாது என்பதே இப்போது எனக்கு முக்கியம்.

அப்படியானால் குழந்தை எங்கே உட்கார்ந்தது? பெண்ணின் மேல் உட்கார்ந்தது. அம்மாவின் மடி, அத்தையின் இடுப்பு, எட்டு வயது அக்காவின் ஒருபக்கம் சாய்ந்துபோன இடுப்பு. குளிப்பாட்டுவதற்குப் பாட்டியின் நீட்டிய கால்கள். மலம் கழிக்க, குந்தி உட்கார்ந்து பாதங்களைச் சேர்த்துவைத்த அம்மாவின் பாதங்கள். ஆன்டிக் கடையில் இருக்கையின் நடுவே வட்ட ஓட்டையோடு ஒரு குழந்தை நாற்காலியைப் பார்த்தால் பலர் சிரிக்கிறார்கள். அந்த ஓட்டை செய்த வேலையை நம் வீடுகளில் ஒரு பெண்ணின் இரண்டு பாதங்கள் செய்தன. அவற்றை யாரும் மெருகேற்றி விற்கவில்லை.

'மடி' என்ற சொல்லுக்குத் தமிழில் இடுப்புக்குக் கீழே உட்காரும்போது உண்டாகும் இடம் என்பதோடு, ஆசாரத் தூய்மை என்றும் ஒரு பொருள் உண்டு. மயிலாப்பூர்ப் பக்கத்து வீடுகளில் மடியாக இருக்கும் பாட்டியின் மடியில் குழந்தை ஏற முடியாது. அந்த நேரத்தில் பாட்டி மட்டுமே சற்று விடுபட்டு இருந்தாள் என்று சொன்னால் கோபப்படுவார்கள். ஆனாலும் அந்த வீடுகளில் ஒரு பெண்ணின் உடம்பு இருக்கையாக இல்லாமல் போவதற்கு சாமியின் அனுமதி தேவைப்பட்டது என்பது உண்மைதானே. தாய்மடியைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்ட கவிதைகளின் எண்ணிக்கை எனக்குத் தெரியாது. அவற்றில் மடி மரத்துப்போவதைப் பற்றிய வரிகள் அரிது.

குழந்தை நாற்காலி இங்கே முதலில் நுழைந்தது வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்களிலும், அவர்களைப் பார்த்து வாழப் பழகிய வக்கீல், ஜமீன் வீடுகளிலும்தான். அங்கே ஆயா இருந்தாள். நாற்காலி அவளுடைய இடுப்புக்கு ஓய்வு கொடுத்ததா என்றால், இல்லை. அவள் அதன் பின்னால் நின்றாள். குழந்தைக்குச் சோறு ஊட்டினாள், அது கவிழாமல் பிடித்துக்கொண்டாள். நாற்காலியின் நோக்கம் குழந்தையின் வசதியாகவும் இருக்கவில்லை. ஆங்கில அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரில் 19ஆம் நூற்றாண்டில் புழங்கிய ஒரு குழந்தை நாற்காலி உண்டு. நெட்டைக் கால்கள், கையகல இருக்கை, செங்குத்தாக ஓங்கிய குறுகிய முதுகு. குழந்தை சாப்பாட்டு மேசையில் வளையாமல் நிமிர்ந்து உட்காரப் பழக வேண்டும் என்பதற்காகச் செய்தது. இன்று அது ஏலங்களில் 'அழகான விக்டோரியன் பொருள்' என்று விலைபோகிறது. உட்கார்ந்த குழந்தைக்கு அது ஒரு தண்டனை.

இந்தக் கதையில் ஒரு திருப்பம், அபிராமபுரத்திலிருந்து ஆற்றைக் கடந்தால் வரும் அடையாறில் நடந்தது. 1939 இறுதியில் பிரம்மஞான சபையின் அழைப்பில் மரியா மாண்டிசோரி அங்கே வந்து இறங்கினார். அப்போது அவருக்கு 69 வயது. சுமார் முந்நூறு ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள். 1907இல் ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று மிக எளிய பொருள்: குழந்தை தானே தூக்கி நகர்த்தக்கூடிய நாற்காலி. அதற்குமுன் பள்ளிகளில் தரையோடு பிணைத்த பெஞ்சுகள். மாண்டிசோரியின் வாதம் கேட்க வேடிக்கையாக இருக்கும். நாற்காலி லேசாக இருந்தால் குழந்தை இடித்துக் கவிழ்க்கும், சத்தம் வரும். வரட்டும், அந்தச் சத்தத்திலிருந்து தன் உடம்பை எப்படி நகர்த்துவது என்று அது கற்றுக்கொள்ளும் என்றார். பிணைத்த பெஞ்சு குழந்தையின் தடுமாற்றத்தை மறைக்கிறது, அவ்வளவே.

ஒரு பெண் மருத்துவர்தான் இதைச் சொல்ல முடிந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அந்த மாதிரி வாக்கியங்கள் எனக்குச் சந்தேகம் தருபவை. ஆனால் இந்தச் செய்தியை அருகில் வைத்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. 1898இல் திருமணத்துக்கு வெளியே பிறந்த தன் மகன் மாரியோவை மாண்டிசோரி தன்னோடு வைத்து வளர்க்க முடியவில்லை. குழந்தை வேறொரு குடும்பத்திடம் கிராமத்தில் வளர்ந்தான். பிறகு பல ஆண்டுகள் உறவினர் மகனாக, வளர்ப்பு மகனாகவே உலகத்துக்கு அறிமுகமானான். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் மாரியோ இந்தியாவில் சிறைவைக்கப்பட்டார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31, மாண்டிசோரியின் 70ஆவது பிறந்தநாளன்று, அவரை விடுவித்த வைஸ்ராயின் செய்தியில் அவர் 'மகன்' என்று குறிப்பிடப்பட்டார். தன் மடியில் தன் குழந்தையை வைத்துக்கொள்ளச் சமூகம் விடாத பெண், மற்றவர்களின் குழந்தைகள் யாருடைய மடியையும் நம்பாமல் உட்காரவும் எழவும் ஒரு பொருளைக் கேட்டார். குழந்தை எழுந்து போனால் ஒரு மடி விடுதலையாகிறது. பழைய குழந்தை நாற்காலி ஒன்றை எடை பார்க்காமல் வாங்காதீர்கள் என்று தோழிகளிடம் நான் சொல்வதன் பின்னணி இதுதான். மூன்று வயதுக் குழந்தை இரண்டு கையாலும் தூக்க முடியாத ஈட்டி மர நாற்காலி எவ்வளவு அழகாக இருந்தாலும், அது குழந்தைக்கானதல்ல.

குழந்தை ஒருநாள் எழுந்துபோகும். பெரியவளான பெண் எங்கே உட்கார்ந்தாள்? மொழியைக் கேட்டால் அது தயங்காமல் பதில் சொல்கிறது. பூப்பெய்துவதைக் 'குத்தவைத்தல்' என்கிறோம், அதாவது குந்தி உட்காருதல். கல்யாணத்தன்று அவளை மணையில் உட்காரவைக்கிறோம். வளைகாப்புக்கு மறுபடியும். கணவன் இறந்தால் மூலையில் உட்காருகிறாள். சொல்லப்போனால் ஒரு பெண் உட்காருவதே ஒரு சடங்கு. அவளாக உட்காருவதில்லை, உட்காரவைக்கப்படுகிறாள். திண்ணை ஆண்களுக்கு. ஊஞ்சலில் அவளுக்கு இடமுண்டு, கல்யாணத்தில் ஒரு மணிநேரம், பிறகு வீட்டு ஆண்கள் வெளியே போன பிற்பகல்களில். அரசுகட்டிலில் இருந்த பாண்டியன் முன் கண்ணகி நின்றுதான் வழக்குரைத்தாள்.

ஒவ்வோர் ஆண்டும் என் மாணவிகளிடம் அவரவர் வீட்டு அறைகளை வரைந்து, யார் எங்கே உட்காருவார் என்று குறிக்கச் சொல்வேன். அப்பாவுக்கு ஒரு நாற்காலி இருக்கும், அம்பு போட்டுக் காட்டியிருப்பார்கள். தம்பிக்கு சோபா. அம்மாவின் பெயர் சமையலறை வாசற்படியில் இருக்கும், அல்லது படத்திலேயே இருக்காது. ஒருத்தி 'அம்மா – நடமாட்டம்' என்று எழுதியிருந்தாள்.

அந்த அப்பாவின் நாற்காலிதான் ஆன்டிக் கடைகளில் அதிகம் கிடைப்பது. சாய்வு நாற்காலி, அதிலும் தோட்டத் துரைகளின் பெயரால் வழங்கும் பிளான்டர்ஸ் சேர். அதன் கைகள் முன்னால் நீளும், அல்லது அடியிலிருந்து ஒரு பலகை சுழன்று வரும். கால்கள் இரண்டையும் அகட்டி அவற்றின்மேல் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்ஸைக் கழற்ற வேலைக்காரன் முன்னால் குனிவான். புடவை கட்டிய ஒரு பெண் அதில் அப்படி உட்கார முடியாது. முயன்று பாருங்கள். ஒரு பொருள் யாரை நினைத்துச் செய்யப்பட்டது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டாம். அதை இன்று பால்கனியில் போட்டு, 'காலனிய நேர்த்தி' என்று சொல்லிக்கொள்கிறோம்.

தமிழ்ப் புனைகதை இந்த நாற்காலியை உள்துறை அலங்காரக்காரர்களைவிட நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வழமையாக அதை ஒரு குடும்பத்தின், ஒரு காலத்தின் வீழ்ச்சியாக வாசிக்கிறார்கள். எனக்கு அது ஒரு நாற்காலியின் செலவுக் கணக்கு. முஸ்தபாக்கண்ணு பரம்பரைச் சாய்வு நாற்காலியில் கிடந்தபடியே நாவின் ருசிக்காக வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்கிறார். அவர் அதிலேயே கிடக்க முடிவது மரியம் பீவியின் உடல் அடியையும் பசியையும் தாங்கிக்கொண்டிருப்பதால். அந்த நாவலில் விற்கப்பட்ட மரங்களெல்லாம் எங்கே போயிருக்கும் என்று யோசித்தால், நாம் விலைபேசும் கடைகளின் வாசலில் வந்து நிற்போம்.

கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' வேறு ஜாதி. நாற்காலியே இல்லாத ஒரு கிராமத்து வீட்டுக்கு ஓர் அதிகாரி வருகிறார், முக்காலியில் உட்கார்ந்து கவிழ்கிறார், அந்த அவமானத்தில் வீட்டார் நாற்காலி செய்விக்கிறார்கள். பிறகு ஊரில் சாவு விழும்போதெல்லாம் பிணத்தை உட்காரவைக்க அதை இரவல் கேட்டு வருகிறார்கள். சிரித்துக்கொண்டே படிக்கும் கதை. ஆனால் அதிகாரத்துக்கும் பிணத்துக்கும் உரிய பொருள் அன்றாட வாழ்வுக்கு வந்து சேர எவ்வளவு தயங்குகிறது என்பதைக் கி.ரா. கண்டுகொண்டிருக்கிறார். உயிரோடு உழைக்கிறவர்களின் முறை கடைசியில்தான் வருகிறது.

கடைகள் என்றேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகாமல் பழம்பொருள் பேச்சு முழுமையாகாது. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கொண்டுவந்த தேக்கு, 1942இல் ஜப்பானியப் படையெடுப்பாலும் 1960களின் தேசியமயத்தாலும் அந்த வருமானம் அற்றுப்போனபின், பங்காளிகளுக்கிடையே பாகம் பிரியும்போது தூணாகவும் நிலையாகவும் நாற்காலியாகவும் சந்தைக்கு வந்தது. அந்தத் தெருவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடுக்கி வைத்திருக்கும் பித்தளை, எனாமல் பாத்திரங்கள், பெட்டிகள், பலகைகள் பலவும் பெண்களுக்குச் சீராக வந்தவை. ஆச்சிகளின் பெயர் பொறித்த பாத்திரங்கள் உண்டு. மணமகளோடு வந்த அந்தச் சாமான்கள் அவளுடைய சொத்தாகக் கருதப்பட்டவை. வீட்டைப் பாகம் பிரித்தவர்கள் பெரும்பாலும் ஆண் வாரிசுகள். பரம்பரைப் பொருள் என்று நாம் வாங்கும்போது யாருடைய பரம்பரை என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. விலை குறையாது. ஆனால் அந்தப் பெயரைச் சுரண்டி அழிக்காமல் விட்டுவைக்கவாவது தோன்றும்.

இவ்வளவும் வசதியுள்ள வீட்டு விஷயம் என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. அபிராமபுரத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடக்கூடிய தியாகராய நகரில், ஜவுளிக் கடைகளில் விற்பனைப் பெண்கள் நாள் முழுதும் நின்றார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் சோம்பேறி. வீங்கிய கால்கள், நரம்புச் சுருட்டு, அடக்கிய சிறுநீர். 2010இல் வந்த 'அங்காடித் தெரு' இந்த உலகத்தைத் திரையில் காட்டியது. ஆனால் சட்டம் திரையைப் பார்த்து மாறவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருப் பெண்கள் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்டு முதலில் கழிப்பறையும் பிறகு இருக்கையும் கேட்டுப் போராடினார்கள். 2018இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் அதே வழியில் திருத்தம் கொண்டுவந்து, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்றது. இங்கிலாந்தில் கடைப் பெண்களில் மூவருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் வந்தது 1899இல். பிளான்டர்ஸ் சேரை நமக்கு விட்டுச்சென்றவர்கள் அந்தச் சட்டத்தை விட்டுச்செல்லவில்லை.

சட்டம் இருக்கையைக் கொடுத்தாலும் உட்கார விடாத கண்கள் உண்டு. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு படம் வெளியானது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் நாற்காலிகளில். அவை சாதாரண நாற்காலிகள்தாம். எந்தக் கலைக்கூடமும் அவற்றை வாங்காது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒரு பழைய இருக்கையை வாங்கலாமா என்றால், வாங்கலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கோ பழைய மரக்கடைக்கோ போனால் நான் பார்ப்பவற்றைச் சொல்கிறேன். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். சட்டத்தின் முனை இன்னொன்றின் துளைக்குள் இறங்கி, மர ஆணியால் பிணைந்திருந்தால் உழைக்கும். புது இரும்புத் திருகாணிகள் தெரிந்தால் உடைந்து ஒட்டியது. தட்டும்போது மாவுபோலத் தூள் உதிர்ந்தால் உளுத்த மரம், வீட்டுக்குள் விடாதீர்கள். குழந்தைச் சாமான்களில் பழைய வண்ணப்பூச்சு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம், குழந்தை கைப்பிடியைக் கடிக்கும். வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூளை எல்லோரும் சுவாசிப்போம். பின்னல் தொய்ந்திருந்தால் கவலை வேண்டாம். பிரம்பு பின்னுவது பார்வையற்றோர் பள்ளிகளில் கற்பிக்கப்பட்ட தொழில், இன்னும் செய்பவர்கள் இருக்கிறார்கள். பேரம் பேசாமல் கொடுங்கள்.

பிறகு உட்கார்ந்து பாருங்கள். பழைய நாற்காலிகள் பலவும் 17, 18 அங்குல உயரம். ஐந்தடிப் பெண்ணுக்குப் பாதம் தரையில் முழுதாகப் பதியாது, தொடையின் அடியில் விளிம்பு அழுத்தும். கடைக்காரர் 'எல்லாருக்கும் சரியா இருக்கும்மா' என்பார். அந்த எல்லாரில் நீங்கள் இல்லை. காலை இரண்டு அங்குலம் அறுத்தால் பழம்பொருளின் மதிப்பு போய்விடும் என்று ஆசாரி பயமுறுத்தினால், அறுக்கச் சொல்லுங்கள்.

வரவேற்பறையை விட்டுவிட்டுச் சமையலறைக்கு வருவோம். அடுப்பு தரையில் இருந்தவரை பெண்கள் குந்தியும் பலகையில் உட்கார்ந்தும் சமைத்தார்கள். எரிவாயு வந்தபின் மேடை வந்தது, எழுந்து நின்றார்கள். அதை முன்னேற்றம் என்றோம், புகை போனது வரை அது சரி. ஆனால் எந்தக் கட்டுநரின் வரைபடத்திலும் அந்த மேடைக்கு முன்னால் ஓர் இருக்கை வரையப்படவில்லை. மேடை 32 முதல் 34 அங்குலம் இருக்கும். அதற்குப் பொருந்த 22, 24 அங்குல உயரத்தில் ஒரு பழைய மர ஸ்டூல், கால் வைக்கக் குறுக்குச் சட்டத்தோடு, பழைய அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்து கழித்துக் கட்டியவை சந்தையில் மலிவாகவே கிடைக்கின்றன. யாரும் அவற்றை அழகுப் பொருளாக நினைக்காததால் மலிவு. காய் நறுக்கவும் பால் பொங்கக் காத்திருக்கவும் அது போதும். வாங்குவதானால் இரண்டாக வாங்க வேண்டும். கண்ணகி நகரிலிருந்தோ பெரும்பாக்கத்திலிருந்தோ இரண்டு பேருந்து மாறி வந்து, பாத்திரம் துலக்கி முடித்து, குழந்தை நாற்காலிக்கும் பூந்தொட்டிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற அக்காவுக்கும் முழங்கால் வலிக்கிறது.